துண்டு போட்டவர்களின் வரிசை

1984ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு எனக்குள் பழி உணர்ச்சி தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்தக் கணத்தில் அறையில் இருந்த எவருடைய முகத்தையும் பார்க்க விரும்பாமல் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே காரணம்.

அது பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரியின் தலைமைச் சிஸ்டர் அறை. பெங்களூரில் ஒரு கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்று மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருந்தது. எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து ஒருவரைத் தன் செலவில் அங்கே படிக்க அனுப்ப ஆஸ்பத்திரி முடிவு செய்திருந்தது. படித்துத் திரும்பியதும் ஆஸ்பத்திரி அலுவலகத்தை நடத்தும் வேலை அவருக்குத்தான் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவித்திருந்தார்கள். இடம் ஒன்று. கேட்டவர்கள் இருவர்: நானும் என் பெரியப்பா மகனும். நேரில் நான் அவனை அண்ணா என்றுதான் அழைப்பேன். இந்தப் பக்கங்களில் அந்த மரியாதையைத் தர எனக்கு மனமில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் என் மதிப்பெண் அவனுடையதைவிட அதிகம். சிஸ்டர் இருவரையும் தனித்தனியே கேட்ட கேள்விகளுக்கும் நான் சரியாகவே பதில் சொல்லியிருந்தேன். அவரே அதை ஒப்புக்கொண்டார்.

“உன் மார்க் நல்ல மார்க்தான். பதிலும் நல்லாச் சொன்ன. ஆனா படிச்ச ஆளு இங்க திரும்பி வரணும். நீ கல்யாணம் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா ஆஸ்பத்திரிக்கு என்ன பிரயோசனம், சொல்லு.”

நான் பதில் சொல்வதற்குள் பெரியப்பா சிரித்தார். அவர் கோயில் கமிட்டியில் இருந்தார். அந்த அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. “அவளுக்குத் தமிழு நல்லா வருமுங்க சிஸ்டர். தருமபுரி காலேஜ்ல தமிழ் படிக்கட்டும். கத கித எழுதுவா. ஏம்மா, அதுதான உனக்கு இஷ்டம்?”

என் அப்பா நின்றுகொண்டிருந்தார். தம்பி என்ற முறையில் அவர் தன் அண்ணனுக்கு எதிராக வாய் திறந்ததில்லை. பெரியப்பா மகன் என் காதருகே குனிந்து, “வுடு. ஆஸ்பத்திரி டெட்டால் வாசனக்கே உனக்குத் தல சுத்தும்” என்றான். அப்போது மணி பத்தேகால்.

தமிழ் இலக்கியத்தில் சேர்ந்தேன். அந்தப் படிப்பை நான் வெறுத்தேன் என்று சொன்னால் பொய்யாகும். யாப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சீர் பிசகினால் அடி முழுவதும் பிசகுவதும், பிசகிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதும் எனக்கு நிறைவு தந்தன. ஆயினும் தினமும் காலையில் தருமபுரி பஸ் ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

பெரியப்பா மகன் ஒவ்வொரு விடுமுறைக்கும் தன் பாடப்புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவான். அவை அவர்கள் வீட்டுப் பரணில் ஏறிவிடும். அடுத்த பருவத்துக்கு வேறு புத்தகங்கள் என்பதால் பழைய கட்டைத் தேட அவனுக்குத் தேவையில்லை. பெரியம்மா அடுப்பெரிக்கப் பழைய தாள் கேட்டபோதுதான் முதல் கட்டு என் கைக்கு வந்தது. “எரிக்கறதுக்கு வேற தாள் தரேன் பெரியம்மா, இது எனக்கு வேணும்” என்று வாங்கிவந்தேன். பிறகு ஒவ்வொரு கட்டாகக் கேட்டு வாங்கினேன்.

ஆங்கிலம் கடினமாக இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படித்தேன். படுக்கைகளை எப்படிப் பிரிப்பது, மருந்து தீர்வதற்கு முன் எப்போது கேட்டனுப்புவது, ஒரு தாலுகாவுக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று எதை வைத்துத் தீர்மானிப்பது என்றெல்லாம் கற்றேன். வரிசைகளைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. மனிதர்கள் ஏன் காத்திருக்கிறார்கள், காத்திருப்பது எங்கே வீணாகிறது என்பதைக் கோடும் அம்புக்குறியுமாக அதில் விளக்கியிருந்தார்கள். அந்த அத்தியாயத்தின் ஓரங்கள் மட்டும் வெள்ளையாகவே இருந்தன; அவன் அதைத் திறக்கவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. தேர்வை அவன் எழுதினான், பாடத்தை நான் படித்தேன். இதைக் கருணையாகவோ கல்வி ஆர்வமாகவோ எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடமிருந்து எடுக்கப்பட்டது எவ்வளவு என்று அளந்து பார்க்கவே படித்தேன்.

மூன்றாம் ஆண்டில், பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அவன் என்னைத் தேடி வந்தான். இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியையே எடுத்திருந்தான். வெளிநோயாளிகள் பகுதியில் புதிய ஏற்பாடு ஒன்றை அமைத்து, ஒரு நாள் நடத்திக் காட்ட வேண்டும். பெங்களூரிலிருந்து அவனுடைய பேராசிரியை நேரில் வந்து பார்ப்பார். அதில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் ஆஸ்பத்திரி வேலை.

“நம்ம ஜனங்களுக்கு வரிசைன்னா என்னன்னே தெரியல,” என்றான். “பெஞ்சு மேல துண்டு, செருப்பு, பாட்டிலு. ஆளக் காணோம். நான் டோக்கன் சிஸ்டம் கொண்டு வரேன். காலைல ஏழு மணிக்குக் கேட்ல நம்பர் குடுப்போம். நம்பர் கூப்புட்டா உள்ள போவணும். மூணு தடவ கூப்புட்டு வரலன்னா கேன்சல். நீ தமிழ்ல நல்லா எழுதுவியே, போர்டு ஒண்ணு எழுதிக் குடு.”

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது எனக்கு விளங்கியது. பெரியப்பா வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஜீப்பில் போவார்கள். பின்வாசல் வழியாகச் சிஸ்டர் அறைக்குச் செல்வார்கள். டாக்டர் அங்கேயே வந்து பார்ப்பார். அந்த வராந்தா பெஞ்சில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

நான் உட்கார்ந்திருக்கிறேன். என் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அப்பா விடிவதற்கு முன்பே தக்காளிக் கூடைகளோடு டிராக்டரில் கிளம்புவார். மண்டிக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் குதித்து, தன் துண்டை மடித்து வராந்தா பெஞ்சில் போட்டுவிட்டு மீண்டும் ஏறிக்கொள்வார். மண்டியில் ஏலம் முடிந்தால்தான் அவர் காலுக்கு விடுதலை. அம்மா வீட்டு வேலை முடித்து அடுத்த பஸ்ஸில் வந்து துண்டுக்குப் பக்கத்தில் உட்காருவாள். வேறு ஊர்க்காரர்களும் அப்படியே. துண்டு, மஞ்சள் பை, மருந்து வாங்கிப்போகக் கொண்டுவந்த காலிப் பாட்டில், ஒன்றும் கிடைக்காதவர்கள் வைத்த செங்கல் துண்டு. எது யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் எதையும் நகர்த்த மாட்டார்கள். வாசலில் நிற்கும் ஆயா, உரியவர் வராத துண்டைத் தாண்டி அடுத்தவரை உள்ளே அனுப்புவார். துண்டுக்காரர் வந்ததும் அவருக்கு அடுத்த முறை. டாக்டருக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவனுடைய புத்தகம் கோடு போட்டு விளக்கியதை எங்கள் ஊர் துண்டு போட்டுச் செய்துகொண்டிருந்தது.

ஆகவே அவன் தாளில் வரைந்து வைத்திருந்த திட்டப் படத்தைப் பார்த்த உடனே அது எங்கே முறியும் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“மண்டிக்குப் போறவங்க என்ன பண்ணுவாங்கண்ணா?”

“மண்டி அவங்க பாடு. ஆஸ்பத்திரிக்கு வந்தா ஆஸ்பத்திரி சிஸ்டம். நீ எழுதறத எழுது, இதெல்லாம் உனக்குப் புரியாது.”

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு அவனுக்கு நான் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. அறிவிப்புப் பலகையை மிகுந்த கவனத்தோடு எழுதினேன். ‘மும்முறை அழைத்தும் வாராதவர் எண் நீக்கப்படும்.’ எழுத்துகள் ஒரே உயரத்தில், பிழையின்றி அமைந்தன. பெரியப்பா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “அச்சடிச்ச மாதிரி இருக்குதே” என்று மெச்சினார். நன்றி சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன், சொன்னது உண்மையும்கூட. நாங்கள் போனபோது பேராசிரியை வராந்தா ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த கூந்தல், பருத்திச் சேலை. தலைமைச் சிஸ்டர் பக்கத்தில் நின்றார். பெரியப்பா மகன் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் மணியோடு நின்றான்.

ஏழு மணிக்கு டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். தகரத்தில் வெட்டி எண் எழுதிய வட்டங்கள். மண்டிக்காரர்கள் எல்லோரும் அதற்காகக் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள், வாங்கிய டோக்கனைப் பெஞ்சில் வைத்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் பார்த்தபோது துண்டுகள் இருந்த இடமெல்லாம் தகர வட்டங்கள் இருந்தன. காற்றுக்குப் பறக்காதிருக்கச் சிலவற்றின்மேல் கல் வைத்திருந்தார்கள்.

மணி அடித்தது. “நம்பர் ஒண்ணு,” என்று அவன் கூப்பிட்டான். எவரும் எழவில்லை. மூன்று முறை கூப்பிட்டு நீக்கினான். இரண்டும் மூன்றும் அவ்வாறே போயின. ஏழாம் எண்ணைக் கூப்பிட்டபோது, தூண் அருகே குந்தியிருந்த பெரியவர் ஒருவர் பெஞ்சைக் கை காட்டினார்.

“ஏழு இங்கதான் இருக்குதுங்க தம்பி.”

“ஆளு எங்கய்யா?”

“ஆளு மண்டியில இருக்காரு. நம்பரு இருக்குதில்லீங்க? அதப் பாத்துக்கத்தான் என்னய வெச்சிட்டுப் போனாரு.”

“நம்பருக்கா ஊசி போடறது? ஆளு வேணும்யா.”

“அதுக்குத்தான் நம்பரு குடுத்தீங்கன்னு நெனச்சமுங்க. ஆளு இருந்தா நம்பரு எதுக்கு?”

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம், “துண்டா இருந்தா முகமாவது தொடைக்கலாம். இந்தத் தகரத்த வெச்சு என்ன பண்றது?” என்றாள். என் அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்தக் காட்சியின் ஒரு பகுதி என் கண்ணிலிருந்து தவறியிருக்கும்.

அடுத்து, மலைக் கிராமங்களிலிருந்து வரும் மலை பஸ் வந்தது. கைக்குழந்தைகளோடு இறங்கியவர்கள், மேலும் பெரிய எண்களை வாங்கிக்கொண்டு வெளி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கன்னடம் பேசும் கிழவி ஒருத்தி, “நம்பர் பேடப்பா, டாக்டர் பேக்கு” என்று, நம்பர் வேண்டாம் டாக்டர்தான் வேண்டும் எனச் சொல்லி, டோக்கனை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். பேராசிரியை அதைக் கேட்டு நிமிர்ந்தார். வராந்தா நிறைந்து வழிந்தது. உள்ளே டாக்டருக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்திருந்ததால் அதை எல்லோரும் பார்த்தார்கள்; டாக்டர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மண்டி முடிந்து ஆட்கள் திரும்பியபோது அவர்களுடைய எண்கள் நீக்கப்பட்டிருந்தன. நான் எழுதிய பலகையை அவன் காட்டினான். கைகளில் தக்காளிச் சாறு காய்ந்திருந்த மனிதர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “எழுத்து சோக்காத்தான் இருக்குது. ஆனா என் பொண்டாட்டிக்கு நெஞ்சு வலிங்க, இப்பத்தான் பஸ்ஸுல வந்து எறங்குனா. மொத நம்பரு என்னுது. நான் எங்க போயிட்டேன்? இதோ நிக்கறேன்” என்றார். பழைய ஆயாவைக் கூப்பிட்டுச் சிஸ்டர் ஏதோ சொன்னார். நெஞ்சு வலிக்காரப் பெண் முதலில் உள்ளே போனாள், அவளுக்குப் பின் மலையிலிருந்து வந்த குழந்தைகள். டோக்கன்களை ஒரு வாளியில் போட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குள் வராந்தா பழைய நடைக்குத் திரும்பியது.

“ஏன் டோக்கனை வைத்துவிட்டுப் போனார்கள்?” என்று பேராசிரியை ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“படிக்காத ஜனங்க, மேடம்.”

“அது பதில் இல்லை,” என்றார் அவர். “நான் நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்புகிறேன். அதற்குள் காரணத்தைச் சொல். சொன்னால் இன்னொரு திங்கட்கிழமை தருகிறேன். சொல்லாவிட்டால் இந்த ஆண்டு உனக்குப் பட்டம் இல்லை.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நான் உள்ளுக்குள் மிக அமைதியாக இருந்தேன். மூன்றாண்டுகள் இதற்காகக் காத்திருந்தேன் என்பதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. அவன் முகம் வெளுத்ததை மனத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது எனக்கு இனித்தது.

மாலையில் பெரியப்பாவின் ஜீப் எங்கள் வாசலில் நின்றது. அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா அவசரமாகக் காபி கலக்கப் போனாள். மகன் வாசற்படியிலேயே நின்றான்.

“உங்கண்ணன் சொன்னான்,” என்று பெரியப்பா தொடங்கினார். “பொங்கலப்பவே நீ மண்டியப் பத்திக் கேட்டியாமே. உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்குது. அதச் சொல்லிரு சாமி. அவன் போய் அந்தம்மாகிட்ட ஒப்பிச்சிருவான்.”

“தெரிஞ்சுதான கேட்ட?” என்றான் அவன் படியிலிருந்து.

“தெரிஞ்சுதாண்ணா கேட்டேன்.”

“அப்பவே வெளக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்குப் புரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

பெரியப்பா கையை உயர்த்தி எங்கள் இருவரையும் நிறுத்தினார். “இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அவன் வேலைக்கு வந்தா நம்ம குடும்பத்துக்குத்தான கவுரவம். நீ நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற புள்ள. ஒரு வார்த்த சொல்றதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

காபித் தம்ளரோடு வந்த அம்மா, “சொல்லிருடி. ஒரே ரத்தம்” என்றாள். அவள் பயந்திருந்தாள்.

அப்பா அதுவரை கதவருகே நின்றிருந்தார். “அன்னிக்கு சிஸ்டர் ரூம்ல இவளுக்கு வேணுமின்னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?” என்றார், தன் அண்ணனைப் பார்த்து.

அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவை விட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் போய்க் கெஞ்சல் வந்திருந்தது. அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“காலைல சொல்றேனுங்க பெரியப்பா,” என்றேன்.

“நல்ல புள்ள,” என்று எழுந்தார். “எட்டரைக்கு இவன் ஜீப்ல வந்து உன்னய ஏத்திக்குவான். போற வழியில சொல்லிரு, போதும்.”

ஜீப் போனதும் அப்பா என்னிடம், “என்ன பண்ணப் போற?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மறுநாளைக்கான கூடைகளை எடுத்து வைக்கப் போனார்.

மறுநாள் காலை, அப்பாவோடு அதே டிராக்டரில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் மண்டிக்குப் போனார். குழாயில் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து, பேராசிரியை தங்கியிருந்த விருந்தினர் அறை திறப்பதற்காக வெளியே நின்றேன். அவர் காபி குடிக்க வந்தபோது வணக்கம் சொல்லி, அந்தப் புத்தகங்களில் கற்ற ஆங்கிலத்தில், நேற்றைய வரிசையைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். யார் என்று கேட்டார். தமிழ் இலக்கிய மாணவி என்றேன். தலைமைச் சிஸ்டரையும் கூப்பிடச் சொன்னேன். அவர் வரும்வரை தொடங்கவில்லை.

மண்டி ஏலம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, துண்டு போட்டவர் ஏன் அங்கே இருக்க முடியாது, நோயாளி எந்த பஸ்ஸில் வருகிறார், துண்டைத் தாண்டி ஆயா எவ்வாறு அடுத்தவரை அனுப்புகிறார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். எண் கொடுப்பதற்குப் பதிலாக நேரம் கொடுக்க வேண்டும் என்றேன்: உள்ளூர்க்காரர்களுக்கு முதல் நேரம், மலை பஸ்ஸுக்கு அது வரும் நேரம், மண்டிக்காரர்களுக்கு ஏலம் முடிந்த நேரம், மூச்சுத் திணறி வருபவருக்கு எந்த நேரமும். அவர்களுடைய பாடப்புத்தகத்தில் வரிசைகளைப் பற்றிய அத்தியாயத்தில் இதற்கு இடமிருக்கிறது என்பதையும் சொன்னேன். பேராசிரியை கோப்பையைக் கீழே வைத்தார்.

“அதை நீ எங்கே படித்தாய்?”

“என் அண்ணன் படிக்காமல் போட்டுவிட்ட புத்தகத்தில், மேடம்.”

அந்நேரம் ஜீப் வந்து நின்றது. எங்கள் வீட்டில் என்னைக் காணாமல் நேராக வந்திருக்கிறான். வாசலில் என்னைக் கண்டதும், “இங்க என்ன பண்ற?” என்றான். நான் திரும்பவில்லை. சிஸ்டர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இத அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே, அவன் சொல்லியிருப்பானே” என்றார்.

“அவர் சொல்லக் கூடாது என்றுதான் நானே வந்தேன், சிஸ்டர்,” என்றேன். “அடுத்த திங்கட்கிழமையை எனக்குக் கொடுங்கள். நடத்திக் காட்டுகிறேன். அதன் பிறகு, மூன்றாண்டுகளுக்கு முன் இந்த ஆஸ்பத்திரி யாரை அனுப்பியிருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லுங்கள். இந்த ஜூனில் அந்தப் படிப்பில் சேர நான் மீண்டும் கேட்கப்போகிறேன்.”

சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவனை எவரும் உட்காரச் சொல்லவில்லை. நான் மலை பஸ்ஸின் நேரத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.